சொந்தமாகக் கட்டுவதா, கிளவுடில் வாங்குவதா? முதன்முதலாகக் கோட் ஸ்கேனர் தேடும் சின்ன டீமுக்கு

கோயம்புத்தூரில் 12 டெவலப்பர்கள் உள்ள ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். 2024 ஆகஸ்டில் ஒரு கிளையன்டிடமிருந்து 140 கேள்விகளோடு ஓர் எக்செல் ஷீட் வந்தது. "கோடை எந்தக் கருவியால் ஸ்கேன் செய்கிறீர்கள்? கடைசி அறிக்கையை இணைக்கவும்" என்பது 37-ஆவது கேள்வி. கோட் ஸ்கேனர் என்றால் கோடில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளைத் தானாகத் தேடும் கருவி. எங்களிடம் அந்தக் கருவியும் இல்லை, அறிக்கையும் இல்லை. மூன்று வாரம் கெடு. ஓப்பன் சோர்ஸ் கருவிகளை ஒட்டி நாங்களே ஒன்றைக் கட்டினோம், சத்தமில்லாமல் படுத்துக்கொண்டது. பிறகு அவசரமாக ஒரு கிளவுட் சேவையை வாங்கினோம்; பில் எகிறியது. இப்போது பாதி அது, பாதி இது என்று ஓடுகிறது. இந்த நிலைக்கு வர எட்டு மாதம் பிடித்தது. கீழே உள்ள வரிசையில் போனால் ஆறு வாரத்தில் முடித்துவிடலாம்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். சொந்தமாகக் கட்டுவது என்றால் ஸ்கேனரையே எழுதுவது என்று நினைத்துவிடாதீர்கள். கிட்லீக்ஸ், ட்ரிவி, செம்கிரெப், சோனார்க்யூப், டிபென்டென்சி டிராக் போன்ற தயார் கருவிகளை எடுத்து, நம் சர்வரில் ஏற்றி, நம் பைப்லைனோடு (கோடைத் தானாகவே பில்ட் செய்து சோதிக்கும் வரிசை) இணைத்து, நாமே பராமரிப்பது. அவ்வளவுதான்.

1. முதல் நாளே கிளையன்ட் ஒப்பந்தத்தை எடுங்கள்

கருவி தேடுவதற்கு முன்னால் இதுதான். ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு பற்றிய பகுதியில் "எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் மூன்றாம் தரப்புக்குத் தரக் கூடாது" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். கிளவுட் ஸ்கேனர் உங்கள் ரெப்போவை, அதாவது கோட் களஞ்சியத்தை, தன் சர்வருக்கு இறக்கிக்கொண்டால், அதுவும் தருவதுதான். எங்கள் ஐந்து கிளையன்ட்களில் இரண்டு பேரின் ஒப்பந்தத்தில் இந்த வரி இருந்தது. ஒப்புதல் கேட்டு மெயில் போட்டோம். ஒருவர் மறுநாளே சரி என்றார். இன்னொருவரிடமிருந்து பதில் வர 19 நாள் ஆனது, அதுவும் "கூடாது" என்ற பதில். எனவே இந்த மெயிலை முதல் நாளே தட்டிவிடுங்கள். மற்ற வேலைகள் அது பாட்டுக்கு நடக்கட்டும்.

மெயிலில் இதைத் தெளிவாக எழுத வேண்டும்: ஸ்கேன் எங்கே ஓடும்? வென்டர்களில் மூன்று ரகம் உண்டு. சிலர் ரெப்போவையே இழுத்துக்கொள்வார்கள். சிலரிடம் ஸ்கேன் நம் ரன்னரிலேயே (பைப்லைன் ஓடும் நம் கணினி) ஓடும், முடிவுகள் மட்டும் மேலே போகும். மூன்றாவது, எல்லாமே நம் சர்வரில். இரண்டாவது ரகத்துக்கு ஒப்புதல் கிடைப்பது எளிது. ஆனால் "முடிவுகள் மட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு ஓட்டையோடும் அதைச் சுற்றியுள்ள சில வரி கோடையும் அனுப்பும் கருவிகள் உண்டு. அதை வென்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கிளையன்ட் வங்கியாகவோ பங்குத் தரகு நிறுவனமாகவோ இருந்தால் கேள்விகள் கூடும். ரிசர்வ் வங்கியின் ஐடி அவுட்சோர்சிங் விதிகள் 2023 அக்டோபர் 1 அன்று நடப்புக்கு வந்தன. செபியின் சைபர் பாதுகாப்புக் கட்டமைப்பு 2024 ஆகஸ்டில் வந்தது. அவர்களுக்கு வரும் சுமை அப்படியே நம் தலைக்கு இறங்கும். முக்கியமாக எஸ்பாம் கேட்பார்கள், அதாவது உங்கள் மென்பொருளுக்குள் எந்த லைப்ரரி எந்த வெர்ஷனில் இருக்கிறது என்ற முழுப் பட்டியல்.

2. நான்கு வேலையையும் தனித்தனியாகப் பாருங்கள்

"செக்யூரிட்டி டூல்" என்று ஒரே பொருளாகத் தேடியதுதான் நாங்கள் செய்த முதல் தப்பு. நான்கு வேலைகள் உள்ளன: கோடுக்குள் மறந்துபோய் விட்ட பாஸ்வேர்டையும் டோக்கனையும் (ஒரு சேவைக்குள் நுழைய உதவும் ரகசியச் சாவி) தேடுவது, வெளி லைப்ரரிகளில் தெரிந்த ஓட்டை தேடுவது, நாம் எழுதிய கோடிலேயே ஓட்டை தேடுவது, கன்டெய்னர் இமேஜை (மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொதி) பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் சொந்தமா கிளவுடா என்ற விடை வேறாக இருக்கலாம்.

டோக்கன் தேடுவதைச் சொந்தமாகவே வைத்துக்கொள்ளலாம். கிட்லீக்ஸைக் கமிட்டுக்கு (கோட் மாற்றத்தை ரெப்போவில் பதிவது) முன்பும் பைப்லைனிலும் ஓட்டினால் போதும், ஒரு நாள் வேலை. லைப்ரரி, கன்டெய்னர் இரண்டுக்கும் ட்ரிவி நன்றாகவே செய்கிறது. எஸ்பாமைச் சேர்த்துவைக்க டிபென்டென்சி டிராக். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் ஓட்டை வெளியானபோது, எந்தச் சர்வரில் அது இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே பல கம்பெனிகளுக்கு நாள்கணக்கில் ஆனது. இந்தப் பட்டியல் கையில் இருந்தால் அது ஒரு தேடலில் முடிகிற வேலை.

நாம் எழுதிய கோடில் ஓட்டை தேடும் வேலைதான் சிக்கல். விதிகள் பழசாகும், ஃபால்ஸ் பாசிட்டிவ் (ஓட்டை இல்லாததை ஓட்டை என்று சொல்வது) கொட்டும், புது ஃப்ரேம்வொர்க்கைப் புரிந்துகொள்ளாது. காசு கொடுப்பதாக இருந்தால் இதற்குக் கொடுங்கள்.

3. யார் பார்ப்பார்கள்? பெயரை எழுதுங்கள்

ஒரு தாளில் ஒருவருடைய பெயரையும், வாரத்தில் எந்த நாள் எத்தனை மணிக்கு அவர் ஸ்கேன் முடிவைப் பார்ப்பார் என்பதையும் எழுதுங்கள். "டீம் பார்த்துக்கொள்ளும்" என்று எழுத வந்தால் சொந்தமாகக் கட்டும் யோசனையை அங்கேயே விட்டுவிடலாம்.

எங்கள் கதை இது. லைப்ரரி ஸ்கேனர் ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்து ஓட்டைப் பட்டியலை இறக்கிக்கொண்டு ஓடும். ஆரம்பத்தில் அடிக்கடி பில்ட் நின்றதால், ஸ்கேன் தவறினாலும் பில்ட் தொடரட்டும் என்று கன்டினியூ ஆன் எரர் அமைப்பை ஒருவர் போட்டுவைத்தார். இரண்டு நாளைக்கு என்றுதான் போட்டார். யாரென்று கேட்காதீர்கள், நான்தான். ஒருநாள் பட்டியலை இறக்கும் இடத்தில் "டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்" என்று திருப்பி அனுப்ப ஆரம்பித்தது. ஸ்கேன் ஓடவே இல்லை. பைப்லைனில் பச்சை டிக். அக்டோபர் 3 முதல் நவம்பர் 12 வரை 41 நாள் பச்சை டிக். ஒரு ஜூனியர் தற்செயலாக லாகைத் திறந்து, "அண்ணா, இதில் சிவப்பு எழுத்தா இருக்கே" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

கிளவுட் வாங்கினாலும் ஆள் வேண்டும். வித்தியாசம் இதுதான்: அங்கே ஸ்கேனர் ஓடுகிறதா என்று வென்டர் பார்ப்பார், முடிவைப் படிப்பது மட்டும் நம் வேலை. சொந்தமாக என்றால் இரண்டும் நம் தலையில்.

4. செலவுக் கணக்கை மணி நேரத்தோடு போடுங்கள்

ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம் என்று முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள். பிறகு ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. எங்கள் கணக்கைத் தருகிறேன், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். டாலர் 88 ரூபாய் என்று வைத்திருக்கிறேன்.

சொந்தமாக: 4 சிபியு, 16 ஜிபி நினைவகம் உள்ள மும்பை கிளவுட் சர்வர் மாதம் 11,000 ரூபாய் பக்கம். பராமரிக்கிறவரின் ஆண்டுச் சம்பளம் 12 லட்சம் என்றால் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 570 ரூபாய். வாரம் 6 மணி என்றால் மாதம் சுமார் 14,800. ஆக மாதம் 25,800. இதோடு ஆரம்பத்தில் ஒருவருடைய மூன்று வார உழைப்பு.

கிளவுடில்: கோட் வைக்கும் சேவையான கிட்ஹப்பை எடுத்துக்கொள்வோம், விலையை வெளிப்படையாகப் போடுகிறார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் டோக்கன் காப்புக்கு ஆளுக்கு மாதம் 19 டாலர், கோட் ஸ்கேனுக்கு 30 டாலர் என்று பிரித்தார்கள். இரண்டும் வேண்டுமென்றால் 49 டாலர். 12 பேருக்கு 588 டாலர், அதாவது 51,744 ரூபாய். இதற்கு முன்பே கிட்ஹப்பின் டீம் பிளானில் இருக்க வேண்டும்; அதற்குத் தனிக் காசு.

இந்தக் கணக்கில் ஆறு பேருக்குக் கீழே உள்ள டீமுக்குக் கிளவுடே மலிவு. அதற்கு மேலே சொந்தம் மலிவாகத் தெரியும். தெரியும் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த 6 மணி நேரம் ரிலீஸ் வாரத்தில் முதலில் பறிபோகும். எங்கள் 41 நாளும் அப்படிப்பட்ட ரிலீஸ் காலம்தான்.

5. சொந்தமாகக் கட்டினால் கால் இடறும் இடங்கள்

லைசென்ஸ்: "கோட் திறந்திருக்கிறது" என்பதும் "கம்பெனியில் இலவசமாகப் பயன்படுத்தலாம்" என்பதும் ஒன்றல்ல. கிட்ஹப்பின் கோட்க்யூஎல் என்ற கோட் ஸ்கேன் கருவியைத் தனியார் கோடின் பைப்லைனில் ஓட்டக் கட்டண லைசென்ஸ் வேண்டும். கிட்லீக்ஸ் இலவசம், ஆனால் அதன் ரெடிமேட் கிட்ஹப் ஆக்ஷனை (பைப்லைனில் அப்படியே செருகும் தயார்ப் படி) ஒரு நிறுவனக் கணக்கில் ஓட்ட லைசென்ஸ் சாவி கேட்கும். ஆக்ஷனை விட்டுவிட்டு கிட்லீக்ஸை நேரடியாக ஓட்டுங்கள், பிரச்சினை தீர்ந்தது. செம்கிரெப் 2024 டிசம்பரில் விதிகளின் லைசென்ஸை மாற்றியது; அதையடுத்து 2025 ஜனவரியில் அதிலிருந்து ஓப்பன்கிரெப் என்ற கருவி தனியாகப் பிரிந்தது. எந்தக் கருவிக்கு எந்த லைசென்ஸ், எந்தத் தேதியில் படித்தோம் என்று ஒரு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். கிளையன்ட் ஆடிட்டில் இதையும் கேட்கிறார்கள்.

சோனார்க்யூபின் இலவசப் பதிப்பு முதன்மைக் கிளையை மட்டுமே பார்க்கும். புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தை முதன்மைக் கிளையில் சேர்க்கக் கேட்கும் கட்டம்) குறிப்பு வராது. டெவலப்பர் மெர்ஜ் செய்த பிறகு ஓட்டையைச் சொல்வதில் பாதிப் பயன் போய்விடுகிறது. முதன்முறை ஏற்றும்போது கன்டெய்னர் எழுந்து எழுந்து விழுந்தால் பயப்படாதீர்கள். உள்ளே எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் ஓடுகிறது. லினக்ஸில் மேக்ஸ் மேப் கவுன்ட் என்ற கர்னல் அமைப்பு வழக்கமாக 65,530-ல் இருக்கும், அது அதற்குப் போதாது. இந்த அமைப்பைக் கன்டெய்னருக்குள் தேடாதீர்கள், அது கன்டெய்னர் ஓடும் ஹோஸ்ட் சர்வரில் கூட்ட வேண்டியது. சர்வரை ரீபூட் செய்தாலும் நிலைக்கும்படி எழுதி வையுங்கள். கூடவே வரும் சின்ன டேட்டாபேஸ் சோதனைக்கு மட்டும்தான். முதல் நாளே போஸ்ட்கிரெஸுக்கு மாற்றிவிடுங்கள்.

ஓட்டைப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் என்விடி பட்டியலை மட்டும் நம்பும் கருவி என்றால் இலவச ஏபிஐ சாவி (கருவி பட்டியலைக் கேட்டு வாங்குவதற்கான சாவி) வாங்கிவிடுங்கள். சாவி இல்லாமல் 30 வினாடிக்கு 5 கோரிக்கை, சாவியோடு 50. அதோடு, 2024 பிப்ரவரியிலிருந்து என்விடி பின்தங்கிப்போய், ஓட்டையின் எண் இருக்கும், எந்த வெர்ஷனுக்கு என்ற விவரம் இருக்காது என்ற நிலை பலகாலம் இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்களைப் பார்க்கும் கருவியை எடுங்கள். பட்டியலின் நகலை உங்கள் சர்வரிலேயே தினமும் ஒருமுறை இறக்கி, எல்லாப் பில்டும் அதிலிருந்தே எடுக்கும்படி வையுங்கள். எங்கள் "டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்" அதோடு நின்றது.

பைப்லைனில் அடுத்தவர் எழுதிய ஆக்ஷன்களைப் பெயர், டேக் (வெர்ஷனுக்கு ஒட்டும் பெயர்) மட்டும் கொடுத்து அழைக்காதீர்கள். 2025 மார்ச்சில் டிஜே ஆக்ஷன்ஸின் சேஞ்ட் ஃபைல்ஸ் என்ற ஆக்ஷனில் யாரோ புகுந்து, பழைய டேக்குகளையெல்லாம் கெட்ட கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். பில்ட் லாகிலேயே டோக்கன்கள் அச்சாகின. 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. முழுக் கமிட் ஹாஷை (ஒவ்வொரு கமிட்டுக்கும் உள்ள மாறாத அடையாளம்) கொடுத்து அழைத்தவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள்.

6. கிளவுட் வாங்கினால் கால் இடறும் இடங்கள்

தலைக்கணக்கு. பல வென்டர்கள் கடந்த 90 நாளில் கமிட் செய்த எல்லாரையும் எண்ணுவார்கள். எங்கள் டீம் 12 பேர். பில் வந்தது 19 பேருக்கு. நான்கு பேர் அலுவலக லேப்டாப்பில் ஒரு மெயிலும் வீட்டில் இன்னொன்றுமாகக் கமிட் செய்திருந்தார்கள். இரண்டு இன்டர்ன்கள் விலகிப் போயிருந்தார்கள். ஒருவர் கிளையன்ட் பக்கத்து ஆள், ரீட்மீயில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தார். அந்த ஒரு எழுத்துக்கும் காசு. கோட்டேஷன் கேட்கும் முன் யார் யார் கமிட் செய்தார்கள் என்று காட்டும் கிட் ஷார்ட்லாக் கட்டளையை 90 நாளுக்கு, மெயிலோடு ஓட்டிப் பாருங்கள். எல்லாரும் ஒரே மெயிலில் கமிட் செய்யும்படி மாற்றிவிட்டு, மூன்று மாதம் கழித்து வாங்கினாலும் நஷ்டமில்லை.

அனுமதி. இணைக்கும்போது "எல்லா ரெப்போவுக்கும்" என்பதே முன்கூட்டித் தேர்வாகியிருக்கும். தேவையான ரெப்போக்களை மட்டும் டிக் செய்யுங்கள். எழுதும் அனுமதி கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். வென்டரும் உடைபடக்கூடியவர்தான். 2023 ஜனவரியில் பைப்லைன் சேவை தரும் சர்க்கிள்சிஐ தன் வாடிக்கையாளர்கள் எல்லாரையும், சேமித்து வைத்த எல்லா ரகசியச் சாவிகளையும் மாற்றச் சொன்னது. அப்படி ஒரு மெயில் வந்தால் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்ற பட்டியல் உங்களிடம் தயாராக இருக்கட்டும்.

பணம் கட்டுவது. வெளிநாட்டு வென்டர் என்றால் பதிவு செய்யும்போதே ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் உங்களைச் சாதாரண நுகர்வோராக நினைத்து வரி போடுவார்கள், கிரெடிட் எடுக்க (கட்டிய வரியை நம் வரியில் கழித்துக்கொள்ள) முடியாது. எண்ணைக் கொடுத்தால் ரிவர்ஸ் சார்ஜில் 18 சதவீதத்தை நீங்களே கட்டிப் பிறகு கிரெடிட் எடுக்கலாம். ஆனால் அதை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும், இருக்கிற கிரெடிட்டில் கழிக்க முடியாது. 51,744-க்கு அது 9,314 ரூபாய். டிடிஎஸ் பற்றி ஆடிட்டரிடம் முன்னாலேயே பேசுங்கள். வென்டருடைய நாட்டு வரி வதிவிடச் சான்றும், இந்தியாவில் நிரந்தர அலுவலகம் இல்லை என்ற கடிதமும் கேட்பார். பெரிய வென்டர்களிடம் இவற்றை வாங்க இரண்டு வாரம் ஆகும்.

கார்டு இன்னொரு பொறி. இந்தியக் கார்டில் 15,000 ரூபாய்க்கு மேல் மாதாமாதம் தானாகக் கழிய ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். அந்த நேரம் முதலாளி விமானத்தில் இருந்தால் பணம் போகாது, ஸ்கேன் நிற்கும். ஆண்டுக் கட்டணமாகக் கட்டுங்கள், அல்லது இன்வாய்ஸ் வாங்கி வங்கி வழியாக அனுப்புங்கள்.

வென்டரிடம் வாங்க வேண்டிய தாள்கள்: வென்டரின் பாதுகாப்பு நடைமுறைகளை வெளித் தணிக்கையாளர் சோதித்துத் தரும் சாக் 2 அறிக்கை (டைப் 1 ஒரு தேதியின் நிலையை மட்டும் சொல்லும், டைப் 2 சில மாதங்கள் பார்த்துச் சொல்லும், அதையே கேளுங்கள்), தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ், தரவு கையாளும் ஒப்பந்தம், அவர்கள் யார் யாருக்கு வேலையைப் பிரித்துத் தருகிறார்கள் என்ற பட்டியல். ஐஎஸ்ஓ சான்றிதழில் 2013 பதிப்பு என்று இருந்தால் அது 2025 அக்டோபர் 31-உடன் காலாவதி. 2022 பதிப்பு வேண்டும். எந்தச் சேவைக்கு, எந்த அலுவலகத்துக்கு என்ற வரியையும் படியுங்கள். எனக்கு ஒருவர் அனுப்பிய சான்றிதழ் அவர்களுடைய சப்போர்ட் அலுவலகத்துக்கு மட்டும் வாங்கியது.

லாக் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்க மறக்காதீர்கள். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வென்டர் 30 நாளில் அழிப்பார் என்றால், வாராவாரம் இறக்கி வைக்கும் வேலை உங்களுடையது.

7. இரண்டு வாரம் சொந்த ரெப்போவில் ஓட்டிப் பாருங்கள்

வென்டர் காட்டும் டெமோ ரெப்போவில் எல்லாக் கருவியும் பிரமாதம். உங்கள் ரெப்போவின் நகல் ஒன்றில் தெரிந்த தப்புகளை நீங்களே நட்டுவையுங்கள். லாக்4ஜே 2.14.1, பயனர் கொடுத்ததை அப்படியே ஒட்டிய எஸ்கியூஎல் வரி, மூன்று வருடப் பழைய பேஸ் இமேஜ், ஒரு போலிச் சாவி. சாவியில் ஒரு சங்கதி: அமேசானின் ஆவணங்களில் வரும் மாதிரிச் சாவியை நட்டால் கிட்லீக்ஸ் பிடிக்காது, மாதிரி என்று தெரிந்தே விட்டுவிடும். நான் அரை நாள் அதோடு மல்லுக்கட்டினேன். புதிதாக ஒரு சாவி உருவாக்கி, உடனே செயலிழக்கச் செய்துவிட்டு நடுங்கள்.

முதல் ஸ்கேனில் ஆயிரக்கணக்கில் வரும். எங்களுக்கு 1,900 வந்தது. அன்றே பில்டை நிறுத்தும்படி வைத்தால் டெவலப்பர்கள் சேர்ந்து உங்களைத் துரத்துவார்கள். பழையதைத் தனியாக ஒதுக்கிவிட்டு, புதிதாக வருவதற்கு மட்டும் பில்டை நிறுத்துங்கள். கன்டினியூ ஆன் எரர் போடாதீர்கள். வாரம் ஒருமுறை அந்தப் போலிச் சாவியைத் தானாகவே ஸ்கேன் செய்து, "பிடிக்கவில்லை" என்றால் மெயில் வரும்படி வையுங்கள்.

8. கால அட்டவணையும் வெளியேறும் வழியும்

முதல் வாரம் ஒப்பந்தம், ஒப்புதல் மெயில், தலைக்கணக்கு. இரண்டாம் வாரம் கிட்லீக்ஸும் ட்ரிவியும் ஏற்றுவது. கிளையன்டுக்குக் காட்ட இதுவே ஒரு முதல் அறிக்கை ஆகிவிடும். மூன்றும் நான்கும் இரண்டு கருவிகளைச் சோதிப்பது. மூன்றாவது கருவி வேண்டாம், குழப்பம்தான் மிஞ்சும். ஐந்தாம் வாரம் கோட்டேஷன், வரித் தாள்கள். விலையைக் குறைக்கக் கேளுங்கள். காலாண்டு முடிகிற வாரத்தில் கேட்டால் விற்பனைக்காரர் கொஞ்சம் இளகுவார். ஆறாம் வாரம் இணைப்பது.

கையெழுத்துப் போடும் முன் தானாகப் புதுப்பிக்கும் விதியைப் பாருங்கள். எங்களுடையதில் 60 நாள் முன்னறிவிப்பு என்று இருந்தது. தாண்டினால் இன்னொரு வருடம். ஒப்பந்தம் முடிய 75 நாள் இருக்கும்போதே வரும்படி காலண்டரில் நினைவூட்டல் போட்டேன். வெளியேறும்போது என்னென்ன தருவார்கள் என்பதையும் சோதனைக் காலத்திலேயே இறக்கிப் பாருங்கள். ஓட்டைப் பட்டியலை எல்லாரும் தருவார்கள். "இது ஃபால்ஸ் பாசிட்டிவ், இந்தக் காரணத்தால் விட்டோம்" என்று நாம் எழுதிய குறிப்புகளைத் தருகிறார்களா என்பதுதான் கேள்வி. எங்கள் பழைய வென்டர் தரவில்லை. 312 குறிப்புகளை அந்த ஜூனியரும் நானும் ஒரு சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து திரையைப் பார்த்துத் தட்டச்சு செய்து ஏற்றினோம்.